கையால் செய்த ராட்டை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

எதை நூற்கப் போகிறீர்கள், பருத்தியா, கம்பளியா? ராட்டை வாங்கும் ஆசையோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலருக்கு இந்தக் கேள்வி ஏமாற்றமாக இருக்கிறது. அவர்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கிறது. மரத்தின் நிறம்கூட முடிவாகிவிட்டது. ஆனால் ராட்டையின் உருவத்தைத் தீர்மானிப்பது நார்தான். பருத்தி நார் பொதுவாக 2.5 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கம்பளி நார் 7, 8 சென்டிமீட்டர் இருக்கும். சில ஆட்டினங்களில் 15 சென்டிமீட்டர்கூட உண்டு. குட்டையான நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாக நிற்க வேண்டுமென்றால் நிறைய முறுக்கு வேண்டும். நீண்ட நாருக்குக் கொஞ்சம் முறுக்கே போதும்.

அந்த முறுக்கைக் கொடுப்பது சக்கரத்துக்கும் அது ஓட்டும் சின்னக் கப்பிக்கும் உள்ள விகிதம். சக்கரத்தின் விட்டம் 48 சென்டிமீட்டர், கப்பியின் விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால் விகிதம் 8. சக்கரம் ஒருமுறை சுற்றினால் நூலில் 8 முறுக்கு ஏறும். ஒரு மிதிக்கு, அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு, 8 சென்டிமீட்டர் நூலை உள்ளே விட்டால் சென்டிமீட்டருக்கு 1 முறுக்கு விழும். தடித்த, மெத்தென்ற கம்பளி நூலுக்கு அதுவே போதுமானது. மெல்லிய பருத்தி நூலுக்கோ சென்டிமீட்டருக்கு 8 முறுக்காவது வேண்டும். அதே ராட்டையில் அதை நூற்றால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மிதி மிதித்தாக வேண்டும். அரை மணி நேரத்தில் கால் ஓய்ந்துவிடும். பழி பஞ்சின் மேல் விழும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் வாங்கும்போது யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

பருத்திதான் உங்கள் விருப்பம் என்றால் கதிர் ராட்டையைப் பாருங்கள். கதிர் என்பது நூல் சுற்றும் கூரான கம்பி. 50 சென்டிமீட்டர் சக்கரம் 1 சென்டிமீட்டர் கப்பியை ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 50 முறுக்கு கிடைக்கும். ஒரு கை சக்கரத்தைச் சுற்றும், மறு கை பஞ்சை இழுக்கும். கதிரின் கூர்முனையிலிருந்து இழை ஒவ்வொரு சுற்றுக்கும் நழுவி நழுவி முறுக்கேறும். கை எட்டும் வரை இழுத்த பிறகு சக்கரத்தைச் சற்றே பின்னோக்கிச் சுழற்றி, நூற்ற நூலைக் கதிரில் சுற்றிக்கொள்ள வேண்டும். காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தில் உருப்பெற்ற பெட்டி ராட்டையும் இந்த வகைதான். இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று ஓட்டுவதால் சின்னப் பெட்டிக்குள்ளேயே பெரிய விகிதம் அடங்கிவிடுகிறது. மூடினால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

கம்பளிக்கும் நீண்ட நார்களுக்கும் மிதி ராட்டை. காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும். இரண்டு கைகளும் நாருக்கே கிடைக்கும். இதன் இதயம் ஃபிளையர் என்ற பாகம். லாடம் போல வளைந்த இரண்டு கைகள், அவற்றில் வரிசையாகக் கொக்கிகள், நடுவே தண்டில் கோத்த பாபின். நூல் முன்பக்கத் துளை வழியாக நுழைந்து, கொக்கி வழியாகப் பாபினில் சுற்றிக்கொள்கிறது. முறுக்கேற்றுவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இதை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஃபிளையரும் பாபினும் ஒரே வேகத்தில் சுற்றினால் முறுக்கு மட்டும் ஏறும்; இரண்டில் ஒன்று பிந்தினால்தான் நூல் உள்ளே இழுக்கப்படும். நூலைக் கை பிடித்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து சுற்றுகின்றன. கை விட்டுக்கொடுக்கும்போது ஒன்று பிந்துகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்தப் பிந்தலை உண்டாக்க மூன்று வழிகள் உண்டு. ஒரே கயிறு இரண்டு வளையமாக ஓடி ஃபிளையரையும் பாபினையும் சேர்த்து ஓட்டுவது ஒன்று. சக்கரம் ஃபிளையரை ஓட்ட, பாபினைத் தனியாக ஒரு பிரேக் கயிறு லேசாகப் பிடித்து நிறுத்துவது இரண்டாவது. பாபினை ஓட்டி ஃபிளையருக்குப் பிரேக் போடுவது மூன்றாவது. இது வலுவாக இழுக்கும், தடித்த நூலுக்கு ஏற்றது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிரேக் குமிழை அரைத் திருகு தளர்த்தினாலே இழுப்பு குறைவதைக் கை உணர்ந்துவிடும். கற்றுக்கொள்ளும் கைக்கு இப்படி உடனுக்குடன் பதில் சொல்லும் கருவி வேண்டும்.

இன்னும் முடிவுக்கு வராதவர்கள் 6 முதல் 12 வரை விகிதம் மாற்றக்கூடிய மிதி ராட்டையை எடுத்துக்கொண்டு, நடுத்தர ரகக் கம்பளியில் தொடங்கலாம். மிக மென்மையான ரகங்கள் ஆரம்பத்தில் வழுக்கும். பருத்தி அதைவிடப் பொறுமை கேட்கும்.

தச்சரிடம் கேட்க வேண்டியவை

தொழிற்சாலை ராட்டைக்கும் பட்டறையில் ஒருவர் கையால் செய்த ராட்டைக்கும் உள்ள பெரிய வேறுபாடு அழகில் இல்லை. பாபினில் இருக்கிறது. கையால் செய்த ராட்டையின் பாபின் அந்த ராட்டைக்கு மட்டுமே பொருந்தும். தண்டின் தடிமன், பாபினின் நீளம், கப்பிப் பள்ளத்தின் ஆழம் எல்லாம் அந்த ஒருவர் எடுத்த அளவுகள். வேறு எங்கிருந்தும் வாங்கிப் பொருத்த முடியாது. இரண்டு இழைகளைச் சேர்த்து இரட்டைப்புரி நூல் முறுக்க, நூற்ற பாபின்கள் 2 வேண்டும். முறுக்கிய நூலைச் சுற்ற இன்னொன்று வேண்டும். ஆக 3 இல்லாமல் வேலை நடக்காது, 4 இருந்தால் நிம்மதி. ராட்டையோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள். அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் அந்தத் தச்சர் தொழிலை விட்டுவிட்டாலும், கடைசல் வேலை தெரிந்த வேறொருவர் அந்தத் தாளை வைத்து ஒரு பாபின் கடைந்து கொடுத்துவிடுவார்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் ராட்டையை ஒரே ஒரு பாபினோடு வாங்கினேன். செய்தவரைத் திரும்பத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நூற்றதை அட்டைக்குழாயில் மாற்றிச் சுற்றி, அதைக் கூடையில் போட்டு, அங்கிருந்து புரி முறுக்கி ஓராண்டு ஓட்டினேன். அட்டைக்குழாய் கூடையில் துள்ளும், நூல் சிக்கும், சிக்கெடுக்கும் நேரத்தில் இன்னொரு பாபின் நூற்றிருக்கலாம்.

அடுத்தது மரம். நன்றாக உலர்ந்து பதப்பட்ட கடின மரமா என்று கேளுங்கள். பச்சை வாடை போகாத மரத்தில் செய்த சக்கரம் ஆறு மாதத்தில் கோணிக்கொள்ளும். சக்கரத்தின் விளிம்பு ஒரே பலகையில் வெட்டப்பட்டதா, பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டியதா என்பதையும் பாருங்கள். துண்டுகளாகச் சேர்த்ததை மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தின் ரேகை விளிம்பைச் சுற்றி ஓடும்படி துண்டுகளை அமைப்பதால் சக்கரம் வட்டம் மாறாமல் நிற்கும். நல்ல தச்சர் அதை மறைக்க மாட்டார், காட்டிப் பெருமைப்படுவார்.

அச்சு எதில் சுழல்கிறது என்பதும் முக்கியம். தோல், வெண்கலம், பால் பேரிங் மூன்றும் நன்றாகவே ஓடும். தோலுக்கும் வெண்கலத்துக்கும் அடிக்கடி எண்ணெய் வேண்டும். மூடிய பால் பேரிங்குக்குத் தேவையில்லை. கனமான சக்கரம் மெதுவாகக் கிளம்பும், கிளம்பிய பின் சீராக ஓடும். லேசான சக்கரம் உடனே கிளம்பும், உடனே நிற்கும். எனக்குக் கனமானதுதான் பிடிக்கும். மிதி சற்றுத் தப்பினாலும் அது மன்னித்துவிடுகிறது.

உட்கார்ந்து பாருங்கள்

படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முடிந்தால் நேரில் போய், காலணியைக் கழற்றிவிட்டு, நாருடன் கால் மணி நேரமாவது உட்காருங்கள். நூல் நுழையும் துளை உங்கள் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்காகத் தோள் உயர்ந்தாலோ முதுகு வளைந்தாலோ அந்த ராட்டை உங்களுக்கானது அல்ல. அல்லது அந்த நாற்காலி உங்களுக்கானது அல்ல. ஒற்றை மிதிகட்டை உள்ளதில் ஒரு கால் மட்டும் உழைக்கும். இரட்டை மிதிகட்டையில் இரண்டு கால்களும் மாறி மாறி உழைப்பதால் உடல் நேராக இருக்கும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் கிளப்பவும் எளிது.

பிறகு எழுந்து ராட்டையின் பின்னால் போய், வேறு யாரையாவது மெதுவாக மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தின் விளிம்பை நேர்க்கோட்டில் பாருங்கள். இடவலமாக நூலளவு ஆட்டம் எல்லா மரச் சக்கரத்திலும் இருக்கும். சக்கரத்தையும் கப்பியையும் இணைக்கும் ஓட்டுக்கயிறு பள்ளத்தை விட்டுத் தாவும் அளவுக்கு ஆடினால் வேண்டாம். சக்கரத்தின் பள்ளமும் கப்பியின் பள்ளமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம். கொக்கிகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்; சொரசொரப்போ துருவோ இருந்தால் நூல் அங்கே பிய்யும்.

பழைய ராட்டை கிடைத்தால் இன்னொரு எச்சரிக்கை. வரவேற்பறையில் அழகுக்கு வைப்பதற்கென்றே செய்யப்பட்ட ராட்டைகள் நிறைய உண்டு. பார்வைக்கு எல்லாம் இருக்கும், நூல் மட்டும் வராது. ஃபிளையரின் முன்துளை உள்ளே சென்று பக்கவாட்டில் வெளியே வருகிறதா, பாபின் தண்டிலிருந்து கழன்று வருகிறதா, மிதித்தால் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா? இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது அலங்காரப் பொருள்.

நல்ல தச்சரிடம் சொல்லிவைத்தால் பல மாதம் காத்திருக்க நேரலாம். அந்தக் காலத்தை வீணாக்காமல் கையால் சுழற்றி நூற்கும் தக்கிளி ஒன்று வாங்கி நூற்கத் தொடங்குங்கள். நாரை இழுத்துவிடும் கைப்பழக்கம் தக்கிளியிலேயே வந்துவிட்டால், ராட்டை வரும்போது காலை மட்டும் பழக்கினால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

வந்த அன்றே நூற்க உட்காராதீர்கள். மரம் புது இடத்தின் காற்றுக்குப் பழகட்டும். இரண்டு மூன்று நாளில் சில இணைப்புகள் இறுகியிருக்கும், சில தளர்ந்திருக்கும். ஈரமான காற்றில் மரம் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். வெயில் படும் ஜன்னலோரமும் சூடு காயும் இடமும் ஆகாது.

எண்ணெய் விட வேண்டிய இடங்களைக் கண்டுபிடிப்பது எளிது: ஒன்று நிற்க, அதன்மேல் இன்னொன்று அசையும் இடமெல்லாம். சக்கரத்தின் அச்சு, ஃபிளையரின் இரு முனைகள், பாபின் சுழலும் தண்டு, மிதிகட்டையின் கீல். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் போதும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொட்டு. சமையல் எண்ணெயைத் தொடவே வேண்டாம். அது நாளடைவில் பிசினாகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். மரத்தாலான திருகுக்கு எண்ணெய் விட்டால் உப்பி இறுகும். அதற்கு மெழுகு தேய்க்க வேண்டும். மரத்தின் மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும், சுருட்டிய துணி தீப்பிடிக்கவும் செய்யும். வெளியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

அதன் பிறகு கால் பயிற்சி. நாரே இல்லாமல் வெறும் சக்கரத்தை மிதியுங்கள். எவ்வளவு மெதுவாக மிதித்தால் சக்கரம் நிற்காமல், பின்னோக்கித் திரும்பாமல் ஓடும் என்று கண்டுபிடியுங்கள். எல்லோரும் வேகமாக மிதிக்கத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் கைக்கு யோசிக்க நேரம் கொடுப்பது மெதுவான கால்தான். நிறுத்துங்கள், கையால் தொடாமல் மீண்டும் கிளப்புங்கள், எதிர்த்திசையில் ஓட்டுங்கள். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற நாள் வந்தால் நாரை எடுக்கலாம்.

முதல் நூல்

கைவசம் ஏற்கெனவே உள்ள நூல் ஒன்றைப் பாபினில் ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்குக் கட்டி, கொக்கி வழியாக முன்துளைக்கு வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் வழிகாட்டி நூல். அதன் நுனியில் ஒரு கைப்பிடி கம்பளி நாரை மேலே வைத்து, ஒரு விரலால் அழுத்தி, வலஞ்சுழியாகச் சக்கரத்தைக் கிளப்புங்கள். முறுக்கு வழிகாட்டி நூலில் ஊர்ந்து வந்து நாரைப் பற்றுவது விரலுக்கே தெரியும். லேசாகத் துடிக்கும்.

இப்போது முன்கை நூலைப் பிடித்திருக்கிறது, பின்கை நார்க்கற்றையைப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நார்கள் விசிறி போல விரிந்து, முன்கையின் அருகே ஒரு புள்ளியில் குவிகின்றன. அந்தச் சின்ன முக்கோணத்தில்தான் நூல் பிறக்கிறது. கைகளுக்கு இடையே நாரின் நீளத்தைவிடச் சற்று அதிகமான தூரம் இருக்க வேண்டும். 8 சென்டிமீட்டர் நாரை 4 சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்து இழுத்தால் வராது. ஒரே நாரின் இரு முனைகளையும் நீங்களே பிடித்துக்கொண்டிருப்பீர்கள். புதியவர்கள் பத்தில் ஒன்பது முறை திணறுவது இதனால்தான். இன்னொரு காரணம் பிடி. பேனாவைப் பிடிக்கும் அழுத்தம்கூட இங்கே அதிகம். நார் நழுவ வேண்டும், விழக் கூடாது. அவ்வளவு பிடித்தால் போதும்.

முன்கையைச் சற்று முன்னே இழுங்கள், நார் மெலியும். விரல்களை நூலின் மேல் வழுக்கிக்கொண்டே பின்னே கொண்டு வாருங்கள், முறுக்கு பின்தொடரும். நூலைத் துளைக்குள் விட்டுக்கொடுங்கள். இழு, வழுக்கு, விடு. கால் முந்திக்கொண்டு கை பிந்தினால் வெட்கப்படாமல் காலை நிறுத்திவிடுங்கள். தேங்கிய முறுக்கை வைத்துக்கொண்டே நிதானமாக நாரை இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

நூல் பிரிந்து பிரிந்து அறுந்தால் முறுக்கு போதவில்லை. விடுவதற்கு முன் இன்னொரு மிதி மிதியுங்கள், அல்லது பிரேக்கைத் தளர்த்துங்கள். நூல் சுருண்டு சுருண்டு முடிச்சாகத் திரண்டால் முறுக்கு மிஞ்சிவிட்டது. கை விட்டுக்கொடுக்கவில்லை, அல்லது பிரேக் மிகத் தளர்ந்திருக்கிறது, அல்லது நூல் ஏதோ ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குமிழைத் திருகுவதற்கு முன் கொக்கியைப் பாருங்கள். பாபின் நிறைய நிறைய இழுப்பு குறையும். அப்போது பிரேக்கை இம்மியளவு கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ராட்டையின் ஓசை

கையால் செய்த ராட்டையோடு வாழ்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அது பேசும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ கேட்டால் அது ஓட்டுக்கயிற்றின் முடிச்சு கப்பியைத் தாண்டும் ஓசை. முடிச்சுக்குப் பதில் இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் அடங்கும். மிதிக்கு ஒருமுறை கிறீச்சிட்டால் கீலில் அல்லது இணைப்புத் தோல் வாரில் வறட்சி. இடைவிடாமல் கடகடத்தால் பாபின் தண்டு எண்ணெய் கேட்கிறது. ஒரு மாலை நூற்றுக்கொண்டிருந்தபோது ஓசை மெல்ல மெல்லக் கனத்தது. கால் சோர்ந்துவிட்டது என்று எண்ணி நிறுத்தப் போனேன். தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். சக்கரம் தானாகவே மூன்று சுற்று கூடுதலாக ஓடியது. அன்றிலிருந்து பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு.

வேலை முடிந்ததும் ஓட்டுக்கயிற்றைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கத்திலேயே விட்டால் கயிறு தொய்யும், மரமும் இழுபடும்.

புரி முறுக்கி, கழுவி, காயவைத்து

ஒற்றை இழையை அப்படியே பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணும். இரண்டு பாபின் நிறைந்ததும் அவற்றைக் கழற்றி வேறு தண்டுகளில் கோத்து நிறுத்தி, இரண்டு இழைகளையும் சேர்த்து, இம்முறை இடஞ்சுழியாக முறுக்குங்கள். எதிர்த்திசை முறுக்கு முதல் முறுக்கைச் சமன் செய்யும். சமன் ஆனதா என்று பார்க்க, முறுக்கிய நூலை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். விரிந்தே நின்றால் சரி. தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் எங்கோ கூடக்குறைய இருக்கிறது. அதனாலென்ன, அந்த நூலையும் பின்னலாம்.

நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையக் கட்டாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கம்பளியைக் கசக்கவோ, சுடுநீரிலிருந்து குளிர்ந்த நீருக்கு மாற்றவோ கூடாது. நார்கள் பின்னிப் பிணைந்து கட்டியாகிவிடும். துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்துவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பருத்திச் சிட்டத்தைக் கொதிநீரில் இட்டால் முறுக்கு நன்றாக நிலைக்கும்.

காய்ந்த சிட்டத்திலிருந்து ஒரு முழம் வெட்டி, ஓர் அட்டையில் சுற்றி வையுங்கள். என்ன நார், எந்தக் கப்பி, ஒரு மிதிக்கு எவ்வளவு நீளம் விட்டீர்கள் என்று அதன்மேல் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே நூல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்போது, ராட்டையில் உட்காருவதற்கு முன் அந்த நூலை விரல்களுக்கு இடையே உருட்டிப் பாருங்கள். என் முதல் அட்டையில் உள்ள நூல் ஓரிடத்தில் சுண்டுவிரல் தடிமன், அடுத்த இடத்தில் தலைமுடி. அதன் பக்கத்தில் ‘கப்பி 6 செ.மீ., மெதுவாக மிதி’ என்று எழுதியிருக்கிறேன். இப்போதும் புது நார் எடுக்கும் நாளில் அந்த அட்டை பாபின்களுக்குப் பக்கத்தில் இருக்கும்.